கழுவினால் போகும் அழுக்கும், கழுவினால் போகாத அழுக்கும்



சென்ற மாதம் ஒரு மாலை, அதியமான்கோட்டைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன், பதினொன்றாம் வகுப்பு படிப்பவன், தயங்கித் தயங்கி அருகில் வந்தான். “சார், ஒரு சந்தேகம்” என்றான். “கேள் தம்பி” என்றேன்.

அவனுடைய நண்பன் ஒருவனிடம் மின்சிகரெட் இருக்கிறதாம். வெளியூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. பேனாவைவிடச் சற்றுப் பருமன். பாகம் பாகமாகக் கழற்றி மாட்டலாம். “வாரம் ஒரு தடவை வெந்நீரில் கழுவி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைக்கிறான் சார். சுத்தமாக வைத்துக்கொண்டால் கெடுதலே கிடையாது என்கிறான். சரிதானா?”

நண்பன் என்று அவன் சொன்னது யாரை என்று நான் கேட்கவில்லை. கேள்வி நல்ல கேள்வி. ஆனால் பஸ் வந்துவிட்டதால், பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவனைப் போலவே உங்களில் சிலரும் இதைக் கேட்க நினைத்திருக்கலாம் அல்லவா?

எங்கள் ஊர்த் தண்ணீர் சொன்ன பாடம்

மின்சிகரெட்டுக்குப் போகுமுன், வேறொரு சங்கதி. நான் சிரித்தால் என் முன்பற்களில் பழுப்புக் கறை தெரியும். நான் பல் துலக்காத சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள்! தருமபுரி மாவட்டத்தில் பலருக்கு இந்தக் கறை உண்டு. எங்கள் பகுதியின் பாறைகளில் உள்ள புளோரைடு உப்பு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவைத் தாண்டிய நீரைக் குழந்தைப் பருவத்திலிருந்து குடித்தால், பல் உருவாகும்போதே கறை உள்ளே பதிந்துவிடும். நீண்ட காலம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும்.

என் தாயார் சுத்தத்தில் மிகக் கண்டிப்பானவர். ஆழ்துளைக் கிணற்று நீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்க வைத்து, ஆற வைத்துத்தான் எங்களுக்குக் கொடுப்பார். அந்த நீரில் கிருமி இல்லை, தூசி இல்லை. ஆனால் புளோரைடு அப்படியே இருந்தது. கொதிக்கும்போது நீர்தானே ஆவியாகிறது? உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும். ஆகவே கொதிக்கக் கொதிக்க அதன் செறிவு சிறிது கூடவே செய்யும். அம்மா செய்த சுத்தத்தில் குறையொன்றுமில்லை. அந்தச் சுத்தம் போக்கக்கூடிய அழுக்கு வேறு. அந்த நீரில் இருந்த அழுக்கு வேறு.

எனவே “இது சுத்தமா?” என்று யாரேனும் கேட்டால், விஞ்ஞானம் படித்தவர்கள் உடனே இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: “எந்த அழுக்கு நீங்கியது?”

கருவிக்குள் நடப்பது என்ன?

மின்சிகரெட் ஒன்றும் மாயப் பொருள் அன்று. பத்தாம் வகுப்பு மின்னியல் தெரிந்தால் போதும். ஒரு லித்தியம் மின்கலம். ஒரு சிறு கம்பிச்சுருள். அதில் பஞ்சுத் திரி. திரி தோய்ந்திருக்கும் திரவத் தொட்டி. வாயில் வைக்கும் முனை. இவ்வளவுதான். அகல் விளக்கில் எண்ணெய் திரியில் ஏறுவது போலவே, இங்கும் நுண்புழை ஏற்றத்தால் திரவம் திரியில் ஏறுகிறது.

மின்கலம் 3.7 வோல்ட், கம்பிச்சுருளின் மின்தடை 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி மின்னோட்டம் 3.7 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் திறன் ஏறக்குறைய 13.7 வாட். ஒரு கிராம்கூடத் தேறாத கம்பியில் இவ்வளவு திறன் பாய்ந்தால், சில நொடிகளில் அது நூற்றுக்கணக்கான டிகிரிக்குச் சூடேறிவிடும்.

திரவத்தில் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முன்னதன் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ். பின்னதற்கு 290 டிகிரி. இவற்றுடன் நிகோடினும், பழ வாசனை, மிட்டாய் வாசனை தரும் பொருள்களும் கலந்திருக்கும். வாயிலிருந்து வெளிவருவதை ‘ஆவி’ என்கிறார்கள். உண்மையில் அது ஆவி மட்டும் அன்று. மார்கழிக் காலையில் தொப்பூர்க் கணவாயில் பார்க்கும் மூடுபனியைப் போல, காற்றில் மிதக்கும் நுண்துளிகளின் கூட்டம் அது. இத்துளிகளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. மூக்கின் ரோமமும் மூச்சுக்குழலின் சளியும் இவற்றை முழுமையாகத் தடுக்க முடியாது. இவை நேராக நுரையீரலின் காற்று நுண்ணறைகளைச் சென்றடையும்.

கழுவுவதால் என்ன பயன்?

பயன் இல்லவே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. வாய்முனையில் எச்சில் படிகிறது. ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் வாங்கினால் சளி, காய்ச்சல், வாய்ப்புண் ஆகியவற்றின் கிருமிகள் கைமாறும். சோப்பும் வெந்நீரும் இந்த ஆபத்தைக் குறைக்கும். தொட்டியில் தேங்கிய பழைய திரவமும் கழுவினால் போகும். ஆனால் அப்படிக் கழுவும்போது கையில் படுவது நிகோடின். புகையிலையை ஊறவைத்த கஷாயத்தைப் பயிர்ப்பூச்சிகளைக் கொல்ல நம் உழவர்கள் தெளித்ததுண்டு. அதில் பூச்சியைக் கொல்வது இதே நிகோடின்தான். அது தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். மின்கலத்தையோ கழுவவே கூடாது. நீர் புகுந்து குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தீப்பிடிக்கலாம்.

இனி, கழுவ முடியாத இடத்துக்கு வருவோம். அதுதான் கம்பிச்சுருளும் திரியும்.

வீட்டில் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். மெழுகு பூசாத காகிதத்தில் ஒரு சிறு கிண்ணம் செய்து, நீர் ஊற்றி, மெழுகுவத்திச் சுடரின் மேல் பிடியுங்கள். நீர் சூடாகும்; காகிதம் எரியாது. நீர் இருக்கும்வரை காகிதத்தின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டி அதிகம் போக முடியாது. நீர் வற்றியதும் காகிதம் பற்றிக்கொள்ளும். கம்பிச்சுருளிலும் இதே கதைதான். திரி நன்றாக நனைந்திருக்கும்வரை, திரவத்தின் கொதிநிலைக்கு அருகிலேயே வெப்பம் கட்டுப்பட்டு நிற்கும். இனிப்புப் பொருள்கள் கருகிக் கம்பியில் கரியாகப் படிந்தால், திரவம் சரியாக ஏறாது. வெப்பநிலை தாறுமாறாக உயரும். அப்போது கிளைக்காலும் கிளிசரினும் சிதைந்து பார்மால்டிஹைடும் அக்ரோலினும் உண்டாகின்றன. முன்னது, விலங்கியல் ஆய்வகத்தில் தவளையை ஊறப்போடும் பார்மலினில் உள்ள பொருள். பின்னது, எண்ணெய்ச் சட்டி புகையும்போது கண்ணையும் மூக்கையும் எரிக்கும் வாடை.

“அப்படியானால் கரியைச் சுரண்டிவிட்டுப் புதுக் கம்பி போட்டால் சரியாகிவிடுமே?” என்று கேட்பீர்கள். சிதைவு குறையலாம், முற்றிலும் நின்றுவிடாது. மேலும், கம்பியே ஒரு பிரச்சினை. அது நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களின் கலவை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாள்தோறும் மின்சிகரெட் புகைக்கும் 56 பேரின் கருவிகளைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டனர். புட்டியில் இருந்த திரவத்தில் சொற்பமாக இருந்த ஈயம், நிக்கல், குரோமியம் ஆகியவை, கம்பியைத் தொட்டு வெளிவந்த நுண்துளிகளில் பன்மடங்கு இருந்தன. கம்பியை அடிக்கடி மாற்றியவர்களின் கருவிகளில் உலோக அளவு சற்று அதிகமாகவே காணப்பட்டது!

2019-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 75 வகைத் திரவங்களையும் குப்பிகளையும் ஆராய்ந்தார்கள். சிலவற்றில் பாக்டீரியா நச்சும், பெரும்பாலானவற்றில் பூஞ்சையின் செல்சுவர்ப் பொருளும் தென்பட்டன. அவையெல்லாம் யாரும் வாய் வைத்தவை அல்ல. கடையிலிருந்து வந்த புதுச் சரக்கு. இதை எந்தச் சோப்பினால் கழுவுவது?

தின்னலாம், சுவாசிக்கலாமா?

“உணவில் சேர்க்கும் வாசனைப் பொருள்தானே?” என்று சிலர் வாதிடுவதுண்டு. வயிறு வேறு, நுரையீரல் வேறு. வயிற்றுக்கு அமிலமும் கல்லீரலும் காவல். நுரையீரல் நுண்ணறையின் சுவரோ ஒரு மைக்ரான்கூடத் தடிமன் இல்லாதது. அதைத் தாண்டினால் நேரே இரத்தம். வைட்டமின் ஈ அசிடேட்டை மாத்திரையாக விழுங்குபவர்கள் பலர். அதே பொருளைக் கஞ்சா எண்ணெயில் கலந்து மின்சிகரெட்டில் புகைத்ததே, 2019-ல் அமெரிக்காவில் பரவிய கொடிய நுரையீரல் நோய்க்கு முக்கியக் காரணம் என்று கண்டறிந்தனர். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 68 பேர் மாண்டார்கள். வாய்முனையைத் துடைக்காததால் நேர்ந்த சாவுகள் அல்ல அவை.

ஆஸ்துமா நோயாளிகள் பயன்படுத்தும் நெபுலைசரைப் பாருங்கள். அதுவும் திரவத்தை நுண்துளியாக்கித்தான் தருகிறது. அதைக் கழுவிக் காயவைப்பது மிகமிக அவசியம். ஏனெனில் அதற்குள் ஊற்றுவது, நுரையீரலுக்கென்றே சோதித்து, அளந்து கொடுக்கப்படும் மருந்து. வெளியிலிருந்து சேரும் கிருமி ஒன்றுதான் அங்கே அழுக்கு. கழுவினால் கதை முடிந்தது. மின்சிகரெட்டில் அழுக்கு வெளியிலிருந்து வந்து சேர்வதில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் கருவியே அதைப் புதிதாக உற்பத்தி செய்கிறது. அடுப்பைப் பளபளவென்று துலக்கி வைத்தால் புகை வராமல் போய்விடுமா?

எதிர்த்தரப்பு நியாயம்

பல ஆண்டுகள் சிகரெட் பிடித்துவிட்டு அதை விட முடியாமல் தவிக்கும் பெரியவர்களுக்கு, மின்சிகரெட் குறைந்த தீங்காக உதவும் என்று பிரிட்டனின் சுகாதாரத் துறையினர் கருதுகிறார்கள். எரியும் புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை என்பது உண்மையே. ஆனால் ஒப்பிடும்போது அளவுகோலைக் கவனிக்க வேண்டும். புகைப்பவர் ஒப்பிட வேண்டியது சிகரெட்டோடு. இதுவரை புகைக்காத நீங்கள் ஒப்பிட வேண்டியது, இப்போது உங்கள் நெஞ்சுக்குள் போய்வரும் வெறுங்காற்றோடு. அந்தக் கணக்கில் மின்சிகரெட் ஒருபோதும் வெல்லாது. வளரும் மூளை நிகோடினுக்கு எளிதில் அடிமைப்பட்டுவிடும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு 2018-லேயே மின்சிகரெட்டைத் தடை செய்தது. 2019-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. தயாரித்தாலோ விற்றாலோ முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே இன்று ஒரு மாணவன் கைக்கு இது வருகிறதென்றால், மறைவாகத்தான் வருகிறது. உள்ளே என்ன திரவம், எவ்வளவு நிகோடின் என்று சோதித்துச் சொல்ல யாரும் இல்லை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதை ஒதுக்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து ஒதுக்குங்கள் என்கிறேன்.

எங்கள் மாவட்டத்துத் தண்ணீர்க் கதை எப்படி முடிந்தது தெரியுமா? இன்னும் நன்றாகக் கொதிக்க வைத்ததால் அன்று. ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. புளோரைடு நீருக்குப் பதிலாகக் காவிரி நீர் குழாயில் வரலாயிற்று. ஊற்றை மாற்றினோம்; சிக்கல் தீரத் தொடங்கியது. ஆனால் என் பல்லில் பதிந்த கறை பதிந்ததுதான். அதை எந்தப் பற்பொடியும் போக்கவில்லை.

அந்தத் தம்பியை மறுபடி பார்த்தால் இதைத்தான் சொல்லப்போகிறேன்: “உன் நண்பனின் சுத்த உணர்வு நல்லது, அதை அவன் விட வேண்டாம். கருவியை விட்டால் போதும். தனியாக விட முடியவில்லை என்றால், தருமபுரி அரசு மருத்துவமனைக்கு நானே கூட்டிப் போகிறேன். யாரிடமும் சொல்லமாட்டேன்.”