கடன் வாங்கிக் கொடை!

சென்ற திங்கள் கைலாசபுரத்தில் ஒரு கூட்டம், தோழர்களே! 1960களில், அந்நாளைய செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் துணையோடு எழுந்த கொதிகலன் ஆலையின் குடியிருப்பு அது. கூட்டம் முடிந்தது, மாலைகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் பருகிக் கொண்டிருந்தேன். தயங்கித் தயங்கி ஒருவர் வந்தார். ஆலைக்கு உதிரிப்பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறையொன்றில் வெல்டிங் தொழிலாளி. கண்கள் சிவந்திருந்தன, மதுவால் அல்ல, மின்பொறியால்.

"அண்ணே, பதினைந்தாயிரம் ரூபாய் கடனாகப் புரட்ட வேண்டும். தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

"வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லை அண்ணே. தருமம் செய்ய வேண்டும்."

சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக மறுகணமே வெட்கினேன். அவர் முகத்தில் கேலி இல்லை, கிலி இருந்தது.

செய்தி இதுதான். மகன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், கணக்கில் கெட்டிக்காரன். முழு உதவித்தொகை கிடைத்தால் அமெரிக்கக் கல்லூரியில் படிக்கலாம் என்று எண்ணுகிறான். அந்நாட்டின் எண்ணற்ற கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பப் படிவத்திலே, பாடத்திற்கு வெளியே நீ செய்தவை என்ன என்று கேட்டுப் பத்து இடங்கள் விட்டிருக்கிறார்கள். வழிகாட்டுவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கிய ஒருவர், "ஓர் அறக்கட்டளைக்குப் பணம் கொடுங்கள். படம் பிடித்துச் சான்றிதழ் தருவார்கள். அதை எழுதினால் எடுபடும்" என்று ஓதியிருக்கிறார்.

கடன் வாங்கிக் கலியாணம் செய்தவர்களைக் கண்டிருக்கிறோம். கடன் வாங்கிக் கருமாதி செய்தவர்களையும் கண்டிருக்கிறோம். கடன் வாங்கிக் கொடை வள்ளலாகச் சொல்லும் காலம் இது! பாரி தேர் ஈந்தான் என்கிறார்களே, முல்லைக்கொடி அவனுக்கு முத்திரையிட்ட சான்றிதழா தந்தது?

நன்கொடை என்ற நல்ல சொல் நம் நாட்டில் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். பச்சையப்பர் 1794இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற அறப்பொருளிலிருந்து 1842இல் சென்னையிலே கல்விக்கூடம் பிறந்தது. கொடுத்தவர் கண் மூடி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் வந்து படித்த பிள்ளைகள் யார் யாரோ! காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வுக்கூடம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்தார் அழகப்பர். 1950களின் பிற்பகுதியில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நிலம் தந்தவர் உண்டு, கரும்பலகை தந்தவர் உண்டு, குடிநீர்ப் பானை தந்த ஏழையும் உண்டு. பானை தந்தவன் பிள்ளைக்கு முதல் பெஞ்சு என்று எவரும் சொல்லவில்லை.

பிறகு வந்தது பேரம். இடத்துக்கு விலை, விலைக்குப் பெயர் நன்கொடை! கட்டாய நன்கொடையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992இல் சட்டமே செய்ய நேர்ந்தது. அதே ஆண்டில் மோகினி ஜெயின் வழக்கில், இப்படிப் பணம் பறிப்பது சமத்துவத்துக்கு மாறானது என்று உச்சநீதிமன்றம் உரைத்தது. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம், சேர்க்கைக்கு ஈடாகப் பெறும் தொகை மனமுவந்து தந்த கொடை ஆகாது என்று தெளிவுபடுத்தியது. மனமுவந்து தருவதற்கும் மகனுக்காகத் தருவதற்கும் வேறுபாடு காட்ட நீதிபதிகள் வேண்டியிருக்கிறார்கள்!

அமெரிக்காவிலும் இதே கூத்து, அரங்கம்தான் பெரிது. 2019இல் வெளியான ஊழலைப் படித்திருப்பீர்கள். சிங்கர் என்ற ஆசாமி ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார். செல்வச் சீமான்கள் கொட்டிய இலஞ்சம் அதன் கணக்கிலே அறமாக வரவாயிற்று. படகோட்டத் தெரியாத பிள்ளை படகு வீரனாகக் கல்லூரிக்குள் நுழைய அது வழி செய்தது. 2023இல் அவருக்கு மூன்றரை ஆண்டுச் சிறை விதித்தார்கள். கொடையாளர் பிள்ளைக்குச் சேர்க்கையில் சலுகை கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் 2024இல் சட்டம் செய்தது. தனியார் கல்லூரிகளையும் அது கட்டுப்படுத்துகிறது.

"மதிப்பெண் மட்டும் மனிதனை அளந்துவிடுமா? தொண்டு செய்தவனுக்குத் தனி மதிப்பு வேண்டாமா?" என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானது. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவன் மதிப்பெண்ணையும் ஓரளவு வாங்கத்தான் செய்கிறான், மறுக்கவில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டு வந்த என்னைவிட மதிப்பெண்ணின் மீது மனத்தாங்கல் கொண்டவன் எவன்? ஆனால் தொண்டு என்பது வேறு, தொகை என்பது வேறு. கொதிகலன் குழாயில் இட்ட பற்றவைப்புக்குள் ஓட்டை உண்டா என்று ஊடுகதிர் கொண்டு பார்க்கலாம். ரசீதுக்குள் இரக்கம் உண்டா என்று பார்க்க எந்தக் கதிர் உண்டு? பணத்தைக் கணக்கில் எடுத்தால் பத்தாயிரம் தந்தவனை ஒரு இலட்சம் தந்தவன் வெல்வான். வெல்டரின் மகன் கடன் பட்டும் தோற்பான்.

பையனை அழைத்து வரச் சொன்னேன். வந்தான். ஒல்லியான உடல், ஓயாத கண்கள்.

"பள்ளி விட்டு வந்து என்ன செய்வாய், தம்பி?"

"அப்பத்தாவுக்குக் கால் வராது அண்ணா. அம்மா வேலைக்குப் போய்விடும். நான்தான் பார்த்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பட்டறையில் கணக்கு எழுதுவேன். அதற்கு இருநூறு ரூபாய் தருவார்கள்."

"இதைப் படிவத்தில் எழுதினாயா?"

"இதையெல்லாம் எழுதக் கூடாது என்று வழிகாட்டி சொன்னார். ஏழ்மை தெரியுமாம்."

படிவத்தை அவன் கைபேசியிலேயே திறக்கச் சொன்னேன். எந்த வகைச் செயல் என்று குறிக்கும் பட்டியலை மேலிருந்து கீழே இருவரும் தேடினோம். ஊதியத்துக்குச் செய்த வேலை என்று ஒன்று இருந்தது. குடும்பப் பொறுப்புகள் என்று இன்னொன்றும் இருந்தது! வெள்ளைக்காரன் விட்டு வைத்த இடத்தை நம்மூர் வழிகாட்டி மறைத்திருக்கிறார். அதைச் சொன்னால் அறக்கட்டளைக்குப் பதினைந்தாயிரம் போய்ச் சேராதே!

தந்தை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "கிழவியைத் தூக்கி உட்கார வைப்பதெல்லாம் கணக்கில் வருமா அண்ணே?" என்றார்.

"அவர்களே கேட்டிருக்கிறார்களே!" என்றேன்.

கடன் வாங்கவில்லை. இரண்டாம் முறை வேலைக்கு நேரமாகிவிட்டதென்று மிதிவண்டியை எடுத்துக்கொண்டு அவர் துவாக்குடிப் பக்கம் போனார். பையன் அங்கேயே அமர்ந்து இரண்டு வரி எழுதி முடித்தான். விண்ணப்பம் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை.