ஆபத்துக்கு வாட்ஸ்அப் கால் வேண்டாம்

1/ பழவேற்காடு ஏரிக் குப்பங்கள்ல இருக்கறவங்களுக்கும், டவர் சரியா கிடைக்காத எல்லா ஊர்க்காரங்களுக்கும் இந்த இழை. உயிருக்கு ஆபத்துன்னா வாட்ஸ்அப் கால் போடாதீங்க, சாதாரண கால் போடுங்க. ஏன்னு சொல்றேன்.

2/ அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுல வந்த வரிசைப்படி பார்க்க மாட்டோம். சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிப்போம். நெஞ்சுவலிக்காரர் கடைசியா வந்தாலும் முதல்ல உள்ளே போவார். கெளுத்தி முள் குத்தி வந்தவருக்கு வலி அதிகம்தான். ஆனாலும் அவர் கொஞ்சம் காத்திருக்க முடியும்.

3/ நெட்வொர்க்கும் இதைத்தான் செய்யுது. பேச்சு, வீடியோ எல்லாமே சின்னச் சின்னப் பொட்டலங்களா உடைஞ்சுதான் போகும். சினிமா ரெண்டு நொடி தாமதமா வந்தா நஷ்டமில்லை. பேச்சு அப்படியில்லை. தாமதமா வந்த பொட்டலம் குப்பைக்குத்தான்.

4/ அதனால 4ஜி தரவரையறையிலேயே குரலுக்குத் தனி வரிசை. வோல்ட்இ கால்ல பொட்டலம் 100 மில்லிவிநாடிக்குள்ள போகணும்கிறது இலக்கு. சாதாரண இணையத்துக்கு 300. வாட்ஸ்அப் கால் நமக்குத்தான் 'கால்'. டவருக்கு அதுவும் இணையம். ரீல்ஸ் நிக்கிற வரிசையிலதான் அதுவும் நிக்கும்.

5/ ஆகவே ஆம்புலன்ஸுக்கு 108. கடல்ல ஆபத்துன்னா இந்தியக் கடலோரக் காவல்படை 1554. முதல்ல பேசுங்க, லொகேஷன் அப்புறம் அனுப்பலாம்.

6/ "அப்போ காசு கொடுக்கிறவருக்கும் முதல் வரிசை தரலாமே?" கூடாது. அவசரப் பிரிவுல பணக்காரருக்குன்னு ஒரு நிறம் கிடையாது. முன்னுரிமையைத் தேவைதான் தீர்மானிக்கணும், பர்ஸ் இல்லை.

7/ இது குப்பத்துக்காரங்களுக்குப் புதுசில்லை. ஏரியில 'பாடு' முறை தலைமுறைகளா இருக்கு. நல்ல இடத்தை ஒருத்தரே பிடிச்சுக்காம, முறை வெச்சு வலை போடுவாங்க. ஆனா பாட்டுல இடம் இல்லாதவங்களோட குறையும் அங்கே உண்டு. வரிசையை யார் எழுதுறாங்க, யார் விடுபடுறாங்க என்பதுதான் எப்பவும் கேள்வி.

8/ நம்ம நாட்டு விதியும் இதே திசையிலதான். 2016 பிப்ரவரியில் டிராய், இணையத்தில் எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்து வேறு வேறு கட்டணம் வாங்கத் தடை போட்டது. அவசரச் சேவைக்கு மட்டும் விலக்கு. 2018 ஜூலையில் மத்திய அரசு இணையச் சமநிலையை ஏற்றபோதும், தொலைதூர அறுவை சிகிச்சை மாதிரியான சிறப்புச் சேவைகளுக்கு விலக்கு தந்தது.

9/ இதை நம்ம ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் கொண்டு வரணும். ஒரே பிராட்பேண்டுல இ-சஞ்சீவனி வீடியோ ஆலோசனையும், ரிப்போர்ட் பதிவேற்றமும், காத்திருப்பவர்களின் யூடியூபும் ஓடினா, முதல்ல திக்குறது டாக்டரோட குரல். பல ரவுட்டர்கள்லயே ஆலோசனைக்கு முதலிடம் தர வசதி இருக்கு. அதை யாராவது ஆன் செய்யணும், அவ்வளவுதான்.

10/ ஆனா ஒண்ணு. ரவுட்டர்ல நாம போடுற முன்னுரிமை கட்டடத்தைத் தாண்டினதும் பெரும்பாலும் மதிக்கப்படாது. சிக்னலே இல்லாத இடத்துல எந்த வரிசையும் உதவாது. நோயாளிகளை நிறம் பிரிச்சா படுக்கை எண்ணிக்கை கூடிடாது. அதே மாதிரி, முன்னுரிமை கொடுத்துட்டோம்னு சொல்லி டவர் போடாம இருக்க முடியாது. ரெண்டும் வேணும்.

11/ 108, 1554. வீட்டுல பெரியவங்க போன்ல இந்த ரெண்டையும் இன்னிக்கே சேமிச்சு வெச்சிடுங்க.