‘அங்க ஒண்ணுமே இல்லையே’ன்னு சொல்ற இடத்துக்கு ஏன் போகணும்?

ஸ்காட்லாந்து ட்ரிப் என்றால் நம்ம லிஸ்ட் ரெடியாகவே இருக்கும். எடின்பரோ கோட்டை, லாக் நெஸ் ஏரி, ஸ்கை தீவு. நாலு நாளில் நாற்பது ரீல்ஸ். அந்த லிஸ்டில் ஃபார்சினார்ட் இருக்காது. இருக்கணும் என்பதுதான் என் கட்சி.

எங்கே இருக்கு?

இன்வர்னெஸ் நகரிலிருந்து வடக்கே, ரயிலில் மூணு மணி நேரத்துக்கு மேல். குட்டி ஸ்டேஷன். ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைகள் பாதுகாப்பு அமைப்பின் தகவல் மையமும் அந்த ஸ்டேஷன் கட்டடத்திலேயே இருக்கிறது. பக்கத்திலேயே சதுப்பு நிலத்தின் மேல் ஒரு நடைபாதை, ஒரு பார்வைக் கோபுரம். ஏறிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் புல்லும் பாசியும், நடுநடுவே கறுப்புத் தண்ணீர்க் குட்டைகள், மேலே வானம். ‘இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?’ என்று தோன்றும்.

கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

காலுக்குக் கீழே என்ன?

நீங்கள் பார்ப்பது மண் அல்ல, பீட். தண்ணீர் தேங்கிய இடத்தில் செத்த பாசி முழுசாக மக்குவதில்லை. அது அடுக்கடுக்காகச் சேர்கிறது, வருஷத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். சில இடங்களில் ஆழம் 10 மீட்டர் வரை போகிறது. கணக்குப் போட்டால், பல ஆயிரம் வருஷம்! மக்காததால், அதிலுள்ள கார்பனும் காற்றில் கலக்காமல் உள்ளேயே இருக்கிறது. உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகக் காடுகளின் மரம், செடி எல்லாவற்றிலும் இருப்பதைவிட அதிக கார்பன் அவற்றில்தான் இருக்கிறது.

பாதை ஓரத்தில் பூச்சி தின்னும் செடிகள் இருக்கும். நம்ம ஊர் நீர்நிலைகளுக்குக் குளிர்காலத்தில் வருகிற பச்சைக்காலி இனப் பறவை இங்கே கூடு கட்டுகிறது.

மரம் நட்டால் நல்லதுதானே?

இல்லை, இங்கேதான் கதையே. 1980களில் இந்த நிலத்தை ‘சும்மா கிடக்கு’ என்று நினைத்தார்கள். வரிச்சலுகைக்காகப் பணக்காரர்கள் முதலீடு செய்ய, வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, வெளியூர் ஊசியிலை மரங்களை நட்டார்கள். பீட் காய்ந்தது. திறந்தவெளிப் பறவைகள் ஒதுங்கின. எதிர்ப்பு கிளம்பி, 1988 பட்ஜெட்டில் அந்தச் சலுகை நீக்கப்பட்டது. ஃபார்சினார்டை ஆர்.எஸ்.பி.பி. 1995இல் வாங்கியது. இயற்கையைக் காப்பாற்ற மரங்களை வெட்டி, வாய்க்கால்களை அடைத்தார்கள். 2024இல் இந்தப் பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

சரி, நான் போய் என்ன செய்ய?

ஒரு நிலத்தை அழிக்க முதலில் தேவைப்படுவது புல்டோசர் இல்லை. ‘அங்க ஒண்ணுமே இல்லை’ என்ற ஒரு வார்த்தை. அதை நம்பாத ஆட்கள் அதிகமாக அதிகமாக, இப்படிப்பட்ட இடங்கள் தப்பிக்கும். அதற்காகவாவது போங்கள்.

ஆனால் பாதையை விட்டு இறங்காதீர்கள். பாசி நசுங்கினால் தேற ரொம்ப நாளாகும், வசந்தத்தில் கூடுகள் தரையிலேயே இருக்கும். ட்ரோன் வேண்டாம். போனைப் பையில் போட்டுவிட்டு பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கள்.

ஒண்ணுமே இல்லையா என்று அப்புறம் சொல்லுங்கள்.