பூச்சு மட்டும் புதுப்பிப்பு ஆகுமா?



அண்மைக் காலமாக நம் நாட்டில் பழைய மகிழுந்துகளின்மீது பலருக்குப் பற்று ஏற்பட்டிருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் வோல்க்ஸ்வேகனும் வரிசை கட்டி நிற்கின்றன. மகிழ்ச்சியே! ஆனால், அந்த வண்டிகளின் உரிமையாளர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பின் சஸ்பென்ஷனைப் பிரித்துப் பார்த்தீர்களா?" என்பதே அது. பெரும்பாலோர் சிரிக்கின்றனர். "அதை ஏன் சார் தொட வேண்டும்? நன்றாகத்தானே ஓடுகிறது!" என்கின்றனர்.

இந்த விடையைத்தான் நான் கண்டிக்கின்றேன். பளபளக்கும் அட்டை போட்ட பயிற்சிப் புத்தகத்தை மாணவன் ஒருவன் நீட்டினால், அட்டையைப் பார்த்து மதிப்பெண் போடும் ஆசிரியர் உண்டா? உள்ளே திறந்து பார்ப்பதுதானே திருத்துவது? பெயிண்ட் அடித்துக் குரோமியம் பூசி இருக்கைத் தோலை மாற்றிவிட்டு, "முழுமையாகப் புதுப்பித்துவிட்டேன்" என்று சொல்வதும் அட்டை போடும் வேலைதான்.

ஏன் பின்புறம்?

நான் நன்கறிந்த வண்டியையே எடுத்துக்கொள்கின்றேன். மோரிஸ் மைனர் 1948-இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1971 வரை அங்கே உருவாக்கப்பட்டது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானிய மகிழுந்து இதுவே. மலாயாச் சாலைகளிலும் ஒரு காலத்தில் எங்கும் காணப்பட்டது. இன்று ஓடுபவற்றுள் மிக இளையதற்கும் ஐம்பது வயது கடந்துவிட்டது.

இதன் முன்புறத்தில் முறுக்குத் தண்டுகள் உள்ளன. பின்புறத்திலோ மாட்டு வண்டிக்காரரும் புரிந்துகொள்ளக்கூடிய எளிய அமைப்பு: ஓர் இரும்பு அச்சு, அதன் இரு பக்கமும் பட்டறையில் லீஃப் ஸ்பிரிங் என வழங்கும் இலைவில்கள். எளிமையாக இருப்பதால்தான் பலரும் இதனை அலட்சியம் செய்கின்றனர். அந்த இலைவில் செய்யும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். வண்டியின் எடையைத் தாங்குகின்றது. அச்சை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்துக்கொள்கின்றது. சக்கரம் உந்தும் விசையை உடற்பகுதிக்குக் கடத்துகின்றது. பிரேக் பிடிக்கும்போது அச்சு சுழன்றுவிடாமல் தடுக்கின்றது. இவற்றுக்கெனத் தனிக் கம்பிகள் எவையும் அந்த வண்டியில் இல்லை!

இலைவில்லின் முன்முனை வண்டியின் அடித்தளத்தில் உள்ள தாங்கியில் போல்ட்டால் இணைகின்றது. பின்முனை ஷேக்கல் என்னும் ஊசல் இணைப்பில் தொங்குகின்றது. முன் தாங்கி துருப்பிடித்து விட்டுக்கொடுத்தால் ஒரு பக்க அச்சு பின்னோக்கி நகரும். அப்போது ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தாலும் வண்டியைத் திருப்புவது பின்சக்கரம்தான். அந்தத் தாங்கி இருப்பது எங்கே? உங்கள் பிள்ளைகள் அமரும் பின்னிருக்கைப் பகுதியின் அடியில்!

மூன்று சாக்குகள்

முதல் சாக்கு: "இத்தனை ஆண்டு ஓடியது, கை வைத்தால் கெட்டுவிடும்." துருவுக்கு வெளியே தெரியவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. என்னிடம் உள்ள 1964-ஆம் ஆண்டு மைனரை விற்றவர், "அடிப்பகுதி புதுசு மாதிரி" என்று சத்தியம் செய்தார். அடியில் கருந்தார்ப் பூச்சு மின்னியது. பள்ளி விடுமுறையில் நானும் என் மைத்துனரும் பின்புறத்தைப் பிரித்தோம். இடப்பக்கத் தாங்கியின் மேலிருந்த பூச்சைச் சுரண்டியதும் ஸ்குரூடிரைவர் மறுபக்கம் போய்விட்டது. அங்கே இரும்பு இல்லை. தாரும் துருவும்தான் இருந்தன. அந்த வண்டியில்தான் முந்தைய குடும்பம் நெடுஞ்சாலையில் பயணம் செய்துவந்தது. கை வைத்ததால் கெட்டதா, கெட்டிருந்தது தெரியவந்ததா? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாம் சாக்கு: "பிரித்தால் அசல் தன்மை போய்விடும்." ரப்பர் புஷ் தேயும், வெடிக்கும், மாற்றப்படும் என்று எண்ணியே பொருத்தப்பட்டது. ரப்பர் முதுமையடைவதைப் பால்மரத் தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு யார் கற்பிக்க வேண்டும்? வெயிலும் எண்ணெயும் காற்றும் பட்டால் நிறுத்தி வைத்த வண்டியிலும் அது கெடும். வெடித்துப் போன புஷ்ஷைப் போற்றுவது அசலைக் காப்பது ஆகாது.

மூன்றாம் சாக்கு சாக்குமட்டும் அன்று, குற்றமும்கூட: "ஸ்பிரிங்கைச் சூடு காட்டி இறக்கிவிட்டேன்; பார்க்க எடுப்பாக இருக்கிறது." இலைவில்லின் எஃகு முறைப்படி கடினப்படுத்தப்பட்டுப் பதப்படுத்தப்பட்டது. கேஸ் விளக்கால் அதைச் சூடாக்கினால் அந்தப் பதம் போய்விடும். பிறகு அது தளர்ந்து தொய்யும், அல்லது உடையும். அழகுக்காகப் பிள்ளையின் முதுகெலும்பை வளைப்போமா?

செய்ய முடியாத வேலையா?

இல்லை. பொறுமையும் ஒழுங்கும் வேண்டும், அவ்வளவே.

1. சில நாள்களுக்கு முன்பிருந்தே ஒவ்வொரு போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வாருங்கள்.

2. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வண்டியைத் தூக்கி, இலைவில்லின் முன் தாங்கிக்கு முன்னால், உறுதியான இடத்தில் ஸ்டேண்டுகளை நிறுத்துங்கள். ஜேக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது தற்கொலைக்கு ஒப்பாகும்.

3. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கலாம். டிரம்மில் உள்ள தூசியைக் காற்றால் ஊதாதீர்கள்.

4. அச்சின் எடையைத் தனி ஜேக்கியில் தாங்கிக்கொண்டு அப்சோர்பர் இணைப்பை விடுவியுங்கள். பிரேக் குழாய் இழுபடாமல் பாருங்கள். பின்னர் யூ-போல்ட்டுகளைக் கழற்றி அச்சை மெல்ல இறக்கி, வில்லின் இறுக்கம் தளர்ந்த பிறகே ஷேக்கலையும் முன் போல்ட்டையும் தொடுங்கள்.

5. இலைகளைத் தனித்தனியாகப் பிரிப்பதானால், நடு போல்ட்டைக் கழற்றுமுன் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இல்லையேல் இலைகள் துள்ளி முகத்தில் அடிக்கும்.

6. பூட்டும்போது புதிய யூ-போல்ட்டுகளையே போடுங்கள். ரப்பர் புஷ்ஷைச் செருகச் சோப்பு நீர் போதும். இயந்திர எண்ணெய் ரப்பரை ஊதச் செய்யும். சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் எடை வில்லில் இறங்கிய பின்னரே புஷ் போல்ட்டுகளை இறுதியாக முறுக்குங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும்.

தாங்கியில் வெல்டிங் தேவையென்றால் தேர்ந்தவரிடம் கொடுங்கள். பழைய துருவின்மேல் ஒரு தகட்டை ஒட்டிவிட்டு மீண்டும் தார் பூசுபவரிடம் கொடுக்காதீர்கள். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த நல்ல இரும்போடு புதிய தகட்டை இணைப்பவரே தேர்ந்தவர். வேலை நடக்கும்போது அருகில் நின்று பாருங்கள். பூச்சு பூசுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். பிற்காலத்தில் வண்டியை வாங்குபவருக்கு, "அடிப்பகுதி புதுசு மாதிரி" என்னும் சொல்லைவிட அந்தப் படமே நம்பகமானது.

"எனக்கு நேரமில்லை, சார்" என்பவர்களுக்கு ஒரு சொல். பெயிண்டின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கப் பல மாதங்கள் அலைந்தீர்களே! பின்னிருக்கையின் அடியைப் பார்க்க இரண்டு நாள் கிடைக்காதா?

பழம்பொருளைப் போற்றுவது நல்ல பண்பு. ஆனால், ஓடும் பழம்பொருளுக்குள் உயிர்கள் அமர்ந்திருக்கின்றன. அடுத்த அணிவகுப்புக்கு மெழுகு தேய்க்குமுன் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு பின்புறத்தின் அடியில் பாருங்கள். ஐயம் எழுந்தால் பிரியுங்கள். அதுவரையில் பிள்ளைகளைப் பின்னிருக்கையில் ஏற்றாதீர்கள்.

சிந்திப்போம், பிறகு ஸ்பேனரை எடுப்போம்!