உதிரப்பட்டியும் பதினெட்டு வயதும்

பண்டைத் தமிழகத்தில் போரில் மாண்ட வீரனின் வழித்தோன்றல்களுக்கு நிலம் விடும் வழக்கம் இருந்தது. அக்கொடையைக் கல்வெட்டுகள் 'உதிரப்பட்டி' எனக் குறிக்கின்றன. குருதி சிந்தியவன் தந்தை. நிலம் பெற்றவர் அவன் மக்கள். வீரனுக்குப் பட்ட கடன் அவனோடு முடிவதில்லை. அவன் குடும்பத்தையும் சாரும் என்பதே அச்சொல்லில் அடங்கிய அறம். கூர்க்கா வீரர்தம் மக்கள் திறத்தில் பிரிட்டன் மறந்தது இவ்வறத்தையே.

கூர்க்கா வீரர் மலாயா மண் அறியாதவர் அல்லர். 1947இல் இந்தியா விடுதலை பெற்றபொழுது பத்துக் கூர்க்காப் படைப்பிரிவுகளுள் நான்கு பிரிட்டிஷ் படையோடு இணைந்தன. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது முதல் 1960இல் அது முடிவுற்றது வரை, நேப்பாள மலைச் சிற்றூர்களிலிருந்து வந்த இளைஞர்கள் மலாயாக் காடுகளில் உயிரைப் பணயம் வைத்துப் போரிட்டனர். சுங்கை பட்டாணியில் அவர்தம் பயிற்சித்தளம் இருந்தது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடன் நிகழ்ந்த மோதலிலும் அவர்களே போர்னியோ எல்லையைக் காத்தனர். அங்கு 1965இல் காட்டிய வீரத்திற்காக ராம்பகதூர் லிம்பு விக்டோரியா சிலுவை விருது பெற்றார்.

விருது வழங்கிய கையே கதவையும் அடைத்தது. பணி முடிந்த கூர்க்கா நேப்பாளத்திற்குத் திரும்ப வேண்டும் என்பதே நெடுங்கால விதி. 2004இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. ஆயினும் 1997 சூலை 1ஆம் நாளுக்குப் பின் ஓய்வு பெற்றோருக்கு மட்டுமே குடியேறும் உரிமை கிட்டியது. அந்நாளில்தான் கூர்க்காப் படையின் தலைமைத்தளமாயிருந்த ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன் பணியாற்றியோருக்குப் பிரிட்டனோடு போதிய தொடர்பில்லை என்றது அரசு. மலாயாவுக்கும் ஹாங்காங்குக்கும் அவர்களை அனுப்பியது யார்? தான் இட்ட கட்டளைப்படி தொலைவில் நின்று காவல் காத்தவனிடம், 'நீ என் வீட்டருகில் வாழவில்லையே' என்று குறை கூறுவது நன்றியுடைமை ஆகுமா?

2008இல் இலண்டன் உயர்நீதிமன்றம் அரசின் அக்கொள்கை செல்லாது என்றது. 2009 ஏப்ரல் 29ஆம் நாள் மக்களவையில் 267க்கு 246 என்னும் வாக்கு வேறுபாட்டில் அரசு தோற்றது. மே மாதத்தில், நான்காண்டேனும் பணியாற்றிய முன்னாள் கூர்க்கா அனைவருக்கும் குடியேறும் உரிமை அறிவிக்கப்பட்டது. மனைவியும் பதினெட்டு வயது நிரம்பாத மக்களும் உடன் செல்லலாம். உலகம் கைதட்டிற்று, அநீதி முடிந்தது என்று பலரும் எண்ணினர்.

முடியவில்லை என்பதைப் பள்ளி மாணவனும் கணக்கிட்டு அறியலாம். ஒரு வீரன் 1990இல் ஓய்வு பெற்றான் எனக் கொள்க. அன்று அவன் மகளுக்கு வயது 7. மகனுக்கு வயது 3. அன்றே கதவு திறந்திருந்தால் இருவரும் தந்தையின் கைபிடித்துச் சென்றிருப்பர். கதவு திறந்தது 2009இல். அப்பொழுது மகளுக்கு 26, மகனுக்கு 22. 'நீங்கள் குழந்தைகள் அல்லர்' என்றது சட்டம். அவர்களைக் குழந்தைப் பருவம் கடக்கும்வரை வெளியே நிறுத்திவைத்ததும் அதே அரசன்றோ?

இவ்வரலாற்று அநீதியை எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும் என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உணர்த்திற்று. 2015 சனவரியில் வந்த புதிய கொள்கை, 18 வயதைக் கடந்த மக்களுக்கும் இடம் அளித்தது. ஆனால் வயது முப்பதைத் தாண்டலாகாது. தந்தையை விட்டு ஈராண்டுக்கு மேல் பிரிந்து வாழ்ந்திருக்கலாகாது என்றெல்லாம் வேலியிட்டது. மகளுக்கு அப்பொழுது வயது 32. வேலிக்கு வெளியே நின்றாள். மகனுக்கு 28, எனினும் தந்தை 2010இல் பிரிட்டன் சென்றிருந்தால் பிரிவுக் காலம் அவனையும் தடுத்தது. சட்டமே பிரித்தது, பிரிந்திருந்தமையைச் சட்டமே குற்றமாக்கியது. எஞ்சியது வழக்காடும் வழி ஒன்றே. அதுவும் ஒவ்வொருவரும் தனித்தனியே போராடிப் பெற வேண்டியது.

'ஊதியத்திற்குத்தானே பணியாற்றினர்?' என்பார் உளர். ஊதியம் உழைப்புக்கு ஈடாகலாம், உயிருக்கு ஈடாகாது. மேலும், அவர்தம் ஓய்வூதியம் பிரிட்டிஷ் வீரனின் அளவில் அன்றி, இந்தியப் படையின் அளவை ஒட்டியே வகுக்கப்பட்டிருந்தது. 'வயது வந்தோர் தம் காலில் நிற்கட்டும்' என்பது மற்றொரு வாதம். பொதுவில் அது சரியே. ஆனால் காலம் தாழ்த்தியவன், தாழ்த்திய காலத்தையே காரணமாக்கித் தப்ப முயல்வது எந்த நீதிநூலுக்கும் ஒவ்வாது. 'ஒருவருக்குத் திறந்தால் எல்லாரும் நுழைவர்' என்னும் அச்சமும் பொருளற்றது. 1997க்கு முன் ஓய்வு பெற்றோர் தொகை இனிக் கூடப்போவதில்லை. ஆண்டுதோறும் முதுமையும் மரணமும் அதனைக் குறைத்தே வருகின்றன.

செய்யத்தக்கது எளிது. மக்களின் வயதை, அவர்கள் விண்ணப்பிக்கும் நாளில் அன்றி, தந்தை படையை விட்டு நீங்கிய நாளில் கணக்கிட வேண்டும். முப்பது என்னும் எல்லையும் ஈராண்டுப் பிரிவு என்னும் தடையும் நீங்க வேண்டும். அதிகாரி மனமிரங்கி அளிக்கும் சலுகையாக அன்றி, சட்டம் உறுதி செய்யும் உரிமையாக அது அமைய வேண்டும்.

செய்ந்நன்றி அறிதலைத் தமிழாசிரியர் வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பிக்கின்றனர். மாணவர் அதனை மனனம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். தனிமனிதனுக்கு உரைத்த அவ்வறம் அரசுகளுக்கும் உரியது என்பதையும் அவர்கள் உணர வேண்டும். போர்க்களத்தில் ஒருவன் நிற்கும்பொழுது, அவன் வருகைக்காக ஒரு குடும்பமே வாசலில் நிற்கிறது. வீரனை வரவேற்று அவன் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தும் நாடு, அவனுக்குப் பட்ட கடனில் பாதியைக்கூடத் தீர்த்ததாகாது.