தாகம் எடுக்கும்வரை காத்திருக்கலாமா?

மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், ஓயாப் பசி, காரணமின்றி உடல் மெலிதல், ஆறாத புண், மங்கும் பார்வை ஆகியவை நீரிழிவின் அறிகுறிகள் என்பதை நம்மில் பலரும் அறிவோம். ஆனால் இவை தோன்றிய பின்னர்ப் பரிசோதித்துக் கொள்ளலாம் என்றிருப்பது ஆபத்தானது. பலருக்கு இந்நோய் ஆண்டுக்கணக்கில் அறிகுறி ஏதுமின்றியே வளர்ந்து கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பழுதாக்கிவிடுகிறது.

100 மில்லி இரத்தத்தில் சர்க்கரை வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ, 75 கிராம் குளுக்கோஸ் அருந்திய 2 மணி நேரத்திற்குப் பின் 200 மில்லிகிராமோ, அதற்கு மேலோ இருப்பின் அது நீரிழிவு. குளுக்கோஸுக்குப் பின் 140 முதல் 199 வரை இருப்பின் அது நோய்க்கு முந்திய இடைநிலையாகும். விழித்துக்கொள்ள வேண்டிய நேரம் அதுவே.

இந்த இடைநிலையில் நோயைத் தடுக்க இயலும் என்பதைச் சென்னையிலேயே மெய்ப்பித்துள்ளனர். டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் இடைநிலையிலிருந்த 531 பேரை ஆராய்ந்து, 2006-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மூன்றாண்டுகளில், வழக்கம்போல் வாழ்ந்தோரில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவைச் சீர்செய்து, நாள்தோறும் விரைந்து நடந்தோரிடையே அது 39 விழுக்காடாகக் குறைந்தது. மாத்திரை மட்டும் உட்கொண்டோர் பெற்ற பயனும் ஏறத்தாழ இவ்வளவே!

1920-இல் தொடங்கப்பெற்ற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அமைந்துள்ள நந்தனத்தில் உடற்பயிற்சியின் அருமையை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் அங்குள்ள அடுக்குமாடி வீடுகளிலும், நாள் முழுதும் அடுப்படியில் நின்று களைக்கும் இல்லத்தரசியர் பலர், அதுவே போதிய உடற்பயிற்சி என்று எண்ணிவிடுகின்றனர். அது விரைந்து நடப்பதற்கு ஈடாகாது. வெளியே செல்லத் தயங்குவோர் மொட்டை மாடியிலேனும் நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கலாம்.

பிரியாணியையும் வட்டலப்பத்தையும் அடியோடு விலக்க வேண்டியதில்லை. அளவைக் குறைத்து, தட்டில் பாதியைக் காய்கறிகளால் நிரப்புவோம். "இன்னும் கொஞ்சம்" என்று விருந்தினரை வற்புறுத்துவதையும் கைவிடுவோம்.

முப்பது வயதைக் கடந்தோர், வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ நீரிழிவு உள்ளோர், கருவுற்றிருந்தபோது சர்க்கரை மிகுந்திருந்த பெண்கள், இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரை எட்டிய ஆண்கள், 80-ஐ எட்டிய பெண்கள் ஆகியோர் தவறாது பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணமில்லை.

வீட்டில் அனைவரின் நலனையும் கவனித்துவிட்டுத் தம் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர் பெரும்பாலும் உம்மாவே. இம்முறை அவரை முதலில் அழைத்துச் செல்லுங்கள்!