எதை முதலில் பழுது பார்ப்பது?

தகுதிச் சான்று மறுக்கப்பட்டுத் திரும்பிய வண்டி வாசலில் நிற்கும் வீட்டில், அன்றிரவு சோறு ஆக்கினாலும் யாருக்கும் அது இறங்குவதில்லை. ஊரார் 'எஃப்.சி.' என்று சுருக்கிச் சொல்லும் அந்தச் சான்றுக்காகக் காத்து நிற்கும் குடும்பங்கள் நம் கம்பம் பள்ளத்தாக்கில் பல. பழனிசெட்டிபட்டியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என நீளும் சாலையின் இருமருங்கிலும் ஒரு ஜீப்பையோ, வேனையோ, சரக்கு ஆட்டோவையோ நம்பிப் பிழைப்போர் எத்தனை பேர்! வண்டி நின்றால் வருமானம் நிற்கிறது. கடன் தவணையோ ஒரு நாளும் நிற்பதில்லை.

சட்டம் சொல்வதை முதலில் தெரிந்துகொள்வோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, வாடகைக்கோ சரக்கு ஏற்றவோ ஓடும் வண்டி தகுதிச் சான்று இன்றிச் சாலையில் இறங்கலாகாது. வண்டிக்கு எட்டு ஆண்டு நிறையும் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் சான்றைப் புதுப்பித்தல் வேண்டும். சொந்த உபயோகக் காருக்கு இத்தொல்லை பதினைந்து ஆண்டு கழிந்த பின்னரே. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. சான்று மறுக்கப்படின், மறுப்பதற்கான காரணங்களை எழுத்தில் தரவேண்டும் என்று அதே 56-ஆம் பிரிவு கூறுவதைப் பலர் அறியார். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். "அண்ணே, எல்லாமே போச்சு" என்று புரோக்கர் சொல்லுவதற்கும், அதிகாரி எழுதியிருப்பதற்கும் இடையே சில சமயம் பல ஆயிரம் ரூபாய் வேறுபாடு இருக்கும்.

இப்போது ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பன்னிரண்டு வயதான ஜீப்பு. விடியுமுன் நம்மூர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்கு வண்டன்மேட்டுப் பக்கம் ஏறி, பொழுது சாயும் வேளையில் இறங்கும் வண்டி. மறுப்புத் தாளில் முன் டயர்கள் தேய்ந்தவை என்றும், ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்றும், ஒரு ஹெட்லைட் மங்கல் என்றும், புகை அதிகம் என்றும், தளத்தகடு துருவேறியது என்றும், வண்ணம் வெளுத்தது என்றும் எழுதியிருக்கிறது. பட்டறைக்காரர் போட்ட கணக்கு அறுபதாயிரம். வீட்டில் இருப்பதோ இருபத்தையாயிரம். எதைச் செய்வது, எதை விடுவது?

பலரும் முதலில் எண்ணுவது கண்ணுக்குத் தெரிவதைத்தான். டிங்கரிங் பார்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பர். எஞ்சிய பணத்தில் விளக்கு மாற்றலாம். டயருக்கோ இன்னொரு வழி உண்டு. சோதனை நாளில் மட்டும் நல்ல டயரை இரவலாகவோ வாடகைக்கோ வாங்கி மாட்டி, சான்று கைக்கு வந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழைய மொட்டை டயரையே மீண்டும் பூட்டுவது. நாட்டில் பரவலாக உள்ள வழக்கமே இது. அதிகாரியை ஏமாற்றிவிட்டதாக ஓட்டுநர் மகிழலாம். மறுநாள் விடியலில் அந்த டயர்களின்மேல் ஏறி உட்காருவது அதிகாரி அல்லரே.

சான்றுத் தாள் வண்டியைக் காப்பதில்லை என்பதற்கு 2012-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் நிகழ்ந்த கொடுமையே போதிய சான்று. ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி மாண்டாள். அந்தப் பேருந்துக்குச் சின்னாட்களுக்கு முன்புதான் தகுதிச் சான்று வழங்கப்பட்டிருந்தது எனச் செய்தித்தாள்கள் எழுதின. உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அவ்வாண்டே தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகளை இயற்றியது. மேற்சொன்ன குடும்பத்தின் தாளில் 'தளத்தகடு துரு' என்ற வரி கடைசிக்கு முந்தைய வரியாக இருக்கிறது. அந்தத் தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க ஆகும் செலவு, பெயிண்ட் அடிக்கும் செலவில் ஒரு பங்குதான்.

ஆயினும் தளத்துக்கும் முன்னால் வருவது பிரேக். நம் வண்டிகள் சமவெளியில் மட்டும் ஓடுபவையல்ல. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறது. ஏறியதெல்லாம் இறங்கவும் வேண்டும். ஆட்களோடு இரண்டு டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் வெப்பம், சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பவனுடைய வண்டியில் அத்தனையும் டிரம்மிலும் லைனிங்கிலும் இறங்கும். பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. சாதாரண வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதிக்கலாகாது என்பது தர அளவு. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். பெடலை மிதித்தால் கால் தரைவரை இறங்கும்; வண்டி நிற்காது.

மறுப்புத் தாளில் ஹேண்ட் பிரேக் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனித்தீர்களா? சோதனைத் திடலின் சமதரையில் கால் பிரேக் நன்றாகவே பிடித்திருக்கும். எனவே அதிகாரி எழுதவில்லை. ஆயில் மாற்றி எத்தனை ஆண்டாயிற்று, ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா, வீல் சிலிண்டர் கசிகிறதா என்பதைத் தாளில் இல்லாவிட்டாலும் நாமே பட்டறையில் கேட்க வேண்டும். முதல் பணம் இங்கேதான் போகவேண்டும் என்பது நம் கருத்து. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் இரவு குமுளி மலைச்சாலையில் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து, சபரிமலை சென்று திரும்பிய ஆண்டிப்பட்டிப் பகுதியினர் எட்டுப் பேர் உயிரிழந்ததை நம் மாவட்டம் மறக்கவில்லை. அதற்கு வண்டிப் பழுது காரணம் என்று சொல்ல நாம் துணியோம். அந்தச் சாலை பிழைக்கு எவ்வளவு குறைவாக இடம் தருகிறது என்பதற்காகவே நினைவூட்டுகிறோம்.

அடுத்து டயரும் ஸ்டீயரிங்கும். கார், ஜீப்பு முதலியவற்றின் டயரில் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. இரண்டு மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8. ஆனி, ஆடிச் சாரலில் நனைந்த மலைச்சாலைக்கு அந்த அளவே போதாது. நான்கு டயரும் வாங்கப் பணமில்லையேல் இரண்டு புதியன வாங்கலாம். பின்னவற்றுக்கு நல்ல இடத்தில் ரீட்ரெட் செய்துகொள்ளலாம். முன் சக்கரத்தில் ரீட்ரெட் வேண்டாம். ஸ்டீயரிங்கில் ஆட்டம் மிகுந்திருந்தால் டை ராடு முனைகளையும் கிங் பின்னையும் பார்த்த பின்னரே புது டயர் பூட்டுக. இல்லையேல் அதுவும் சில மாதத்தில் ஒரு பக்கமாய்த் தேய்ந்து போகும்.

விளக்குகளுக்கு அதிகச் செலவில்லை. மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் எர்த் கம்பியோ, கறுத்த கண்ணாடியோதான்.

புகைதான் மக்களை அச்சுறுத்துவது. "எஞ்சினைப் பிரிக்கணும், போர் வேலை இருக்கு" என்று கேட்டவுடன் வீட்டுப் பெண்கள் கழுத்தைத் தொட்டுப் பார்க்கத் தொடங்குகின்றனர். அவசரம் வேண்டாம். கறும்புகை என்றால் ஏர் ஃபில்டரை மாற்றி, நாசிலைச் சோதித்து, டீசல் பம்பைச் சரிபார்த்தபின் மறுபடியும் புகை பரிசோதனை செய்து பார்க்கலாம். நீலப்புகையோடு எஞ்சின் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால்தான் பெரிய வேலையைப் பற்றி யோசிக்க வேண்டும். கழற்றிய பழைய உதிரிப் பாகங்களைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

பெயிண்ட் கடைசி. துருவேறிய இடத்தைச் சுரண்டி, அங்கு மட்டும் அடித்துக்கொண்டால் இவ்வாண்டுக்குப் போதும். புது வண்டியையும் புதுப்பித்த வண்டியையும் மந்திரிக்கக் கோயில் முற்றத்துக்குக் கொண்டுவருவோர் பலர். மாலையும் சந்தனமும் முகப்பில் மணக்க, நாம் ஒருமுறை வண்டியைச் சுற்றிவந்து டயரைக் குனிந்து பார்ப்பதைக் கண்டு சிலர் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும்.

இப்படி வரிசைப்படுத்தினால் அந்தக் குடும்பத்துக்கு இருபத்தையாயிரம் போதுமா? போதாமலும் போகலாம். அப்போது மீதிக்குக் கந்து வட்டிக்காரரிடம் போவதைவிட, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகையை வைப்பது நலம். 2003-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் கந்து வட்டியைத் தடைசெய்யும் சட்டம் வந்துவிட்டது; ஆனாலும் மாலை நேரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு வருவோர் இன்னும் வரத்தான் செய்கின்றனர். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆளுக்கு ஐந்து ரூபாய் குறைகிறதென்று மொட்டை டயர் வண்டியில் ஏறும் நமக்கும், குறைந்த வாடகைக்கு வண்டி பேசும் தோட்டத்துக் கங்காணிக்கும், பள்ளி வேனுக்கு மாதக் கட்டணத்தைப் பேரம் பேசிக் குறைக்கும் பெற்றோருக்கும் இந்தப் பழுதில் பங்கு இல்லையா? ஓட்டுநர் பிரேக் லைனிங்கைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் அந்த ஐந்து ரூபாயினால்தான். நேர்மையாக வண்டி வைத்திருப்பவர் வாடகையைச் சற்றுக் கூட்டிக் கேட்டால் முணுமுணுக்காமல் கொடுங்கள்.

சில வண்டிகளுக்கு எச்செலவும் வீண். சேசிஸ் துருவேறி, முன்பே பற்றவைத்த இடம் மறுபடி விரிந்திருந்தால், அதன்மேல் கொட்டும் பணம் புதைகுழியில் இட்ட பணமே. பழைய வண்டிகளை முறைப்படி உடைத்து ஒப்படைத்து, சான்றிதழ் பெறும் திட்டத்தை 2021-இல் நடுவண் அரசு கொண்டுவந்தது. தந்தை வாங்கிய வண்டி, தங்கையின் திருமணத்துக்கு ஓடிய வண்டி என்ற பாசம் நமக்குப் புரிகிறது. அப்பாசத்துக்காக ஒரு கதவையோ, ஸ்டீயரிங் சக்கரத்தையோ கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்து வண்டி வெளியே வந்த அன்றே ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகவேண்டாம். புது லைனிங் டிரம்மோடு பொருந்தச் சிறிது ஓட்டம் வேண்டும். வெறும் வண்டியாக வீரபாண்டி வரை போய்த் திரும்பி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே லைனிங் இழுபடுகிறது என்று அறிந்து, அப்படியே பட்டறைக்குத் திருப்புங்கள். அதைச் சரிசெய்தபின் மறுப்புத் தாளையும் எடுத்துக்கொண்டு சோதனைக்குச் செல்லலாம்.